தடை என்று அறிவித்துவிட்டால், அதை யார் போய் நிறுத்துகிறார்கள்?

மாலைநடை கேட்கிறார்:

நான் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஐ.நா. சாசனத்தின் 41ஆவது பிரிவு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். படை அனுப்பாமலே ஒரு நாட்டை நெருக்க என்னென்ன செய்யலாம் என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது. பொருளாதார உறவை நிறுத்தலாம். ரயில், கப்பல், விமானம், தபால், தந்தி, வானொலித் தொடர்புகளைத் துண்டிக்கலாம். கடைசியாகத் தூதரக உறவையே முறித்துக்கொள்ளலாம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் ஒரு மாணவி எழுந்து நின்று, "சரி டீச்சர், தடைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அதை யார் போய் நிறுத்துவாங்க? போலீஸா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அந்தந்த அரசு பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அது பதிலே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தேன், குழப்பம்தான் கூடியது. உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று தடை ஆணைகளில் எழுதியிருக்கிறது. ஆனால் 2018இல் அமெரிக்கா ஈரான் மீது மறுபடி தடை விதித்த பிறகு, தொட்டாலே தோல் உரியும் ஒரு அரிய நோய் உள்ள குழந்தைகளுக்கான சிறப்புக் கட்டுத்துணி அங்கே வராமல் போனது. ஐ.நா.வின் மனித உரிமை வல்லுநர்களே அதைக் கண்டித்துப் பேசியிருக்கிறார்கள். மருந்துக்கு விலக்கு என்றால் அந்தக் கட்டுத்துணியை நிறுத்தியது யார்?

இன்னொன்றும் உறுத்துகிறது. வெளியுறவு அமைச்சகம் என்பது பேசுவதற்காக இருக்கிற அமைச்சகம். தடை என்பது பேச்சு போதும் என்று கதவைச் சாத்துவது போல இருக்கிறது. ஒரே அலுவலகம் இரண்டையும் எப்படிச் செய்கிறது?

யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விவாதம் இங்கே வேண்டாம். இந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஒன்பதாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அடுத்த வாரம் அவளுக்கு நான் ஒரு பதில் கொண்டுபோக வேண்டும்.

சட்டப்புலம்:

அந்தக் கேள்வியில் பாதிக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, அதை நான் சொல்கிறேன். மீதிப் பாதி வங்கியிலும் துறைமுகத்திலும் இருக்கிறது.

ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு தீர்மானம் நிறைவேறினால் அது நேராக எந்த வியாபாரியையும் கட்டுப்படுத்தாது. உறுப்பு நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு நாடும் அதைத் தன் சொந்தச் சட்டமாக மாற்றினால்தான் உள்ளூரில் உயிர் பெறும். இந்தியாவில் இதற்காகவே 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பயங்கரவாதப் பட்டியலில் உள்ளவர்களின் சொத்தை முடக்க உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு இருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் நேரத்தில் தனக்கென்று 2018இல் ஒரு சட்டம் செய்துகொண்டது.

ஐ.நா. சொல்லாமலே தனியாகத் தடை விதிக்கும் அரசுகளும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் அப்படிச் செய்கின்றன. ஐ.நா. விதித்த தடைக்கு மட்டுமே கட்டுப்படுவோம் என்பது இந்தியாவின் நிலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். 2022 ஜூனில் ரஷ்ய மரபுவழித் திருச்சபைத் தலைவர் கிரில் பெயரை ஹங்கேரி எதிர்த்தது, பெயர் பட்டியலை விட்டுப் போய்விட்டது. ஆகவே ஒரு பட்டியலை வாசிக்கும்போது அதில் இல்லாத பெயர்களுக்குப் பின்னாலும் ஒரு பேரம் நடந்திருக்கலாம்.

ஒரே அரசுக்குள்ளும் வேலை பிரிந்து கிடக்கும். பிரிட்டனில் யார் பெயரைச் சேர்ப்பது என்று பார்ப்பது வெளியுறவு அமைச்சகம். பண முடக்கத்தைக் கவனிப்பது நிதி அமைச்சகத்துக்குள் 2016இல் தொடங்கிய ஓஎஃப்எஸ்ஐ என்ற அலுவலகம். சரக்கைப் பார்ப்பது சுங்கத் துறை. அமெரிக்காவில் பட்டியலைக் கையில் வைத்திருப்பது கருவூலத் துறையின் ஓஃபாக். 1950 டிசம்பரில், சீனா கொரியப் போரில் இறங்கிய பிறகு, சீனாவின், வட கொரியாவின் சொத்துகளை முடக்குவதற்காகத் தொடங்கிய அலுவலகம் அது.

ஒரு விஷயத்தை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் ஏறுவது நீதிமன்றத் தண்டனை இல்லை. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் போதும். சவுதி தொழிலதிபர் யாசின் காதியின் பெயர் 2001 அக்டோபரில் ஐ.நா.வின் அல்-காய்தா பட்டியலில் ஏறியது. தன் மீது என்ன ஆதாரம் இருக்கிறது என்று அவருக்குக் காட்டவே இல்லை. 2008 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஐ.நா. சொன்னதாகவே இருந்தாலும் ஒருவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் சொத்தை முடக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த அழுத்தம் கூடித்தான் 2009 டிசம்பரில் பாதுகாப்பு அவை, பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கேட்டு வருபவர்களின் மனுவைப் பார்க்க ஒரு குறைகேள் அதிகாரியை ஏற்படுத்தியது. காதியின் பெயர் 2012இல் நீங்கியது. பதினோரு ஆண்டு! அந்த அதிகாரியின் எல்லையும் அந்த ஒரு பட்டியலோடு சரி. வேறு ஐ.நா. பட்டியல்களில் இருப்பவர்களுக்கு அந்த வாசல் இல்லை.

பழைய கணக்கர்:

டீச்சர், உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள்: போலீஸ் இல்லை. நிறுத்துவது என்னைப் போன்ற ஒரு ஆள். ஒரு வங்கியில் பதினான்கு வருஷம் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவில் இருந்தேன், அதில் கடைசி ஒன்பது வருஷம் தடைப் பட்டியல் சரிபார்க்கும் மேசையில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இவ்வளவு நாளில் என்னிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அரசு பட்டியலை வெளியிடும். அது ஒரு கோப்பாக வரும், எங்கள் மென்பொருள் அதை ஏற்றிக்கொள்ளும். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வழியாகப் போகிற ஒவ்வொரு பணத்தையும் அது பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அனுப்புபவர், பெறுபவர், நடுவில் உள்ள வங்கி, ஊர், கப்பல், குறிப்புக் கட்டத்தில் யாரோ தட்டச்சு செய்த சொல் என்று எதையும் விடாது. ஏதாவது ஒத்துப்போனால் ஒரு எச்சரிக்கை எழும். அதை நாங்கள் 'ஹிட்' என்போம். ஹிட் விழுந்த பணம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நான் திறந்து பார்த்து 'விடு' என்றோ 'மேலே அனுப்பு' என்றோ அழுத்த வேண்டும். இரண்டு பொத்தான்தான். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கை கடைசியில் வந்து இறங்குவது அந்த இரண்டு பொத்தானில்.

பெரும்பாலான நாள்களில் என் மேசைக்கு வந்த ஹிட்டில் ஒன்றுகூட உண்மையானதாக இருக்காது. எல்லாம் பெயர்ப் பொருத்தம்தான். அரபு எழுத்தில் ஒரே மாதிரி எழுதும் முகமது என்ற பெயர் ரோமன் எழுத்துக்கு வரும்போது ஏழெட்டு விதமாக வரும். பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். பிறப்புப் பதிவு சரியாக இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களின் ஆவணத்தில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். பட்டியலில் இருப்பவர்களிலும் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கும். எனக்கு இன்றும் மறக்காத ஒரு ஆள் இருக்கிறார். பேருந்து ஓட்டுநர். பெயர் பொருந்தியது, ஆண்டும் பொருந்தியது. வீட்டு வாடகைக்கு அவர் அனுப்பிய பணம் ஒன்பது நாள் நின்றது. கடவுச்சீட்டு கேட்டோம், தந்தை பெயர் கேட்டோம், பிறந்த ஊர் கேட்டோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி நாள், "நான் அவன் இல்லை என்பதற்கு வேறு எதைக் காட்டினால் நம்புவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

கப்பல் இதைவிடச் சுலபம். பெயரையும் கொடியையும் எத்தனை முறை மாற்றினாலும் ஐஎம்ஓ எண் என்று ஏழு இலக்கம் ஒன்று அதன் உடலோடு கடைசிவரை இருக்கும். மனிதனுக்கு அப்படி ஒன்று இல்லை.

இனி கட்டுத்துணிக்கு வருகிறேன். அதை எந்தச் சட்டமும் நிறுத்தவில்லை, பயம்தான் நிறுத்தியது. 2014இல் பிரான்ஸின் பிஎன்பி பாரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களுக்காக அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறக்குறைய 890 கோடி டாலர் கட்டியது. பிரெஞ்சு வங்கியை அமெரிக்கா எப்படிப் பிடித்தது என்றால், டாலரில் போகிற பணம் பெரும்பாலும் நியூயார்க்கில் உள்ள ஏதாவது ஒரு வங்கியைத் தொட்டுவிட்டுத்தான் போகும், தொட்ட உடனே அமெரிக்கச் சட்டம் பொருந்திவிடும். அந்தத் தொகையைக் கேட்ட நாளிலிருந்து எல்லா வங்கியிலும் பேச்சே மாறிவிட்டது. அமெரிக்காவில் தடை மீறலுக்கான சிவில் அபராதத்துக்கு "எனக்குத் தெரியாது" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் அப்படித்தான்.

இதை என் மேசையிலிருந்து பாருங்கள். தவறான பணத்தை விட்டுவிட்டால் என் வேலை போகும், வங்கிக்கு அபராதம் விழும். சரியான பணத்தை நிறுத்தினால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. ஒன்பது வருஷத்தில் நிறுத்தியதற்காக என்னிடம் விளக்கம் கேட்டவர் ஒருவரும் கிடையாது. விட்டதற்காக நாலைந்து முறை கேட்டிருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது அந்த மேசையில் யாரை உட்காரவைத்தாலும் கை எந்தப் பொத்தானுக்குப் போகும்?

ஒரு தொண்டு நிறுவனம் சிரியாவில் ஒரு மருத்துவமனையின் தண்ணீர்ப் பம்புக்கு உதிரிப் பாகம் வாங்கப் பணம் அனுப்பியது. தடை இருந்தாலும் இதை அனுப்பலாம் என்ற உரிமம் வைத்திருந்தார்கள், அரசு முத்திரையோடு. நாங்கள் பார்த்து முடித்து விடுவதற்கே பதினோரு நாள் ஆனது. நடுவில் இருந்த வங்கி காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியது. மறுபடி அனுப்பினோம், திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. அந்த நிறுவனத்தின் கணக்குப் பெண் தினமும் காலை பத்து மணிக்கு அழைப்பார். சட்டம் அவர் பக்கம், அரசு அவர் பக்கம், எங்கள் வங்கியும் கடைசியில் அவர் பக்கம். பணம் மட்டும் போகவில்லை. நாலாவது வாரம் அவர் அழைப்பதை நிறுத்திக்கொண்டார். அந்தப் பம்பு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து, ஈரானோடு டாலரைத் தொடாமல் வணிகம் செய்ய 2019 ஜனவரியில் இன்ஸ்டெக்ஸ் என்று ஒரு நிறுவனமே தொடங்கின. 2020 மார்ச்சில் மருத்துவப் பொருளுக்காக ஒரு பரிமாற்றம் நடந்தது. அந்த ஒன்றுதான். 2023இல் நிறுவனத்தைக் கலைத்துவிட்டார்கள். மூன்று பெரிய அரசுகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றும் உள்ளே போக ஆள் வரவில்லை, அவ்வளவு பயம். சிரியாவில் 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் வந்தபோது அமெரிக்கக் கருவூலம் மூன்றே நாளில், நிவாரணப் பணத்துக்கு 180 நாள் பொது உரிமம் தந்தது. நல்ல காரியம். ஆனால் காகிதம் வருவது வேறு, அதை நம்பி ஒரு வங்கி பொத்தானை அழுத்துவது வேறு.

உங்கள் இன்னொரு கேள்வி, பேசுகிற அமைச்சகம் ஏன் கதவைச் சாத்துகிறது என்பது. நான் பார்த்தவரை, பேச்சு இல்லாத தடை வெறும் பூட்டு. சாவி எங்கே இருக்கிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். லிபியாவைப் பாருங்கள். 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். சந்தேகப்படும் இருவரை ஒப்படைக்கச் சொல்லி 1992இல் ஐ.நா. தடை போட்டது. லிபியா பல வருஷம் மசியவில்லை. பிறகு மண்டேலாவும் சவுதி தரப்பும் நடுவில் நின்று பேசினார்கள். நெதர்லாந்து மண்ணில், ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஸ்காட்லாந்து நீதிபதிகள் விசாரிப்பது என்று ஒரு வழி கண்டார்கள். இருவரும் வந்து சேர்ந்ததாகப் பொதுச்செயலாளர் தெரிவித்தால் தடை உடனே நிறுத்திவைக்கப்படும் என்று 1998இல் பாதுகாப்பு அவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. 1999 ஏப்ரல் 5 அன்று இருவரும் வந்தார்கள். அன்றே தடை நின்றது. சொன்ன சொல்லை அன்றே காப்பாற்றினார்கள் பாருங்கள், அந்த ஒரு நாள் எனக்குப் பெரிய விஷயம்.

வெளியுறவு அமைச்சகத்தின் ஆள்கள் அலைவது இன்னொரு பக்கமும் உண்டு. தடையில் சேராத நாடுகளிடம் போய், உங்கள் வழியாகச் சரக்கு சுற்றிப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது. ரஷ்யா மீதான தடைக்காக ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென்றே ஒரு சிறப்புத் தூதரை வைத்து துருக்கி, மத்திய ஆசியா, வளைகுடா என்று அனுப்பியது. ரஷ்ய ஏவுகணையிலும் டிரோனிலும் கண்டெடுத்த சிப்புகளின் சுங்கக் குறியீடுகளைப் பட்டியல் போட்டுக் கையில் கொடுத்து, இவற்றையாவது மறுஏற்றுமதி செய்யாதீர்கள் என்று பேசுவது. அதெல்லாம் கட்டளை இட்டு நடக்கிற காரியம் இல்லை, உட்கார்ந்து பேசித்தான் நடக்கும்.

கரைவழி:

பழைய கணக்கர் சொன்னதை மதிக்கிறேன், பம்பு விஷயம் மனதை என்னவோ செய்தது. ஆனால் வகுப்பறைக்கு இதை மட்டும் கொண்டுபோனால் தடை என்றாலே பாவம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

தென்னாப்பிரிக்காவைச் சேர்த்துச் சொல்லுங்கள். நிறவெறிக்கு எதிராக 1946லேயே அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது இந்தியா. அப்போது நமக்குச் சுதந்திரம்கூட வரவில்லை. 1977இல் பாதுகாப்பு அவையின் கட்டாய ஆயுதத் தடை வந்தது. 1985இல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி இனிக் கடனைப் புதுப்பிக்க மாட்டேன் என்றது, மற்ற வங்கிகளும் பின்னால் போயின, அந்த நாட்டு நாணயம் சரிந்தது. 1986இல் அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1990இல் சிறையிலிருந்து வெளியே வந்த மண்டேலா ஊர் ஊராகப் போய், தடையை இப்போதே எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டார். 1993 செப்டம்பரில் ஐ.நா.வில் நின்று, இனி எடுக்கலாம் என்று சொன்னவரும் அவரே. வலியைச் சுமந்த மக்களின் தலைவரே கேட்டு வாங்கிய தடை அது.

அப்புறம், விலக்கை அகலத் திறந்தால் கொள்ளை நடக்காதா? ஈராக்கில் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்கலாம் என்று 1996 கடைசியில் திட்டம் தொடங்கினார்கள். 2005இல் ஐ.நா. அமைத்த வோல்க்கர் விசாரணைக் குழு என்ன கண்டுபிடித்தது? இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் அரசுக்குக் கள்ளப் பணம் கொடுத்திருக்கின்றன, மொத்தம் 180 கோடி டாலர். 2022 டிசம்பரில் ஐ.நா.வின் எல்லாச் சொத்து முடக்கங்களிலும் மனிதாபிமான உதவிக்கு விலக்கு தரும் 2664ஆவது தீர்மானம் வந்தபோது 14 நாடுகள் ஆதரித்தன. இந்தியா மட்டும் வாக்களிக்காமல் விலகி நின்றது. பயங்கரவாதக் குழுக்கள் தொண்டு நிறுவனப் போர்வையில் இந்த விலக்கைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது அதன் கவலை. நம் பக்கத்து அனுபவத்தில் அது வெறும் கவலை இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்து பயந்த ஆளால் நல்ல பணமும் நின்றிருக்கும், கெட்ட பணமும் நின்றிருக்கும்.

மாலைநடை:

மூவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். இருபது துண்டுச் சீட்டில் இருபது பணப் பரிமாற்றம் எழுதினேன். அதில் மூன்றுதான் உண்மையில் தடைப் பட்டியலில் உள்ளவருடையது. மீதி பதினேழும் பெயர் மட்டும் லேசாக ஒத்துப்போகிற மாதிரி. கேள்வி கேட்ட மாணவியையே மேசையில் உட்காரவைத்தேன். தவறான ஒன்றை விட்டால் பத்து மதிப்பெண் போகும் என்றேன். நிறுத்துவதற்குக் கழிவு எதுவும் சொல்லவில்லை.

இருபதையும் நிறுத்திவிட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. அதில் "குழந்தைக்கு மருந்து" என்று நானே எழுதிய சீட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள், பிறகு 'மேலே அனுப்பு' பக்கம் வைத்தாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. "நீங்க மார்க் வெச்சது தப்பு டீச்சர்" என்றாள்.

கரைவழி கேட்டதையும் சொன்னேன். ஈராக் கள்ளப் பணத்தைக் கேட்டதும் பாதி வகுப்பு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்றது, தென்னாப்பிரிக்காவைக் கேட்டதும் இன்னும் உறுதியாகச் சொன்னது. மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பில் இதைத் தொடர வேண்டும். எதைச் சேர்க்கலாம்?

பழைய கணக்கர்:

அவள் சொன்னதுதான் சரி. ஒன்பது வருஷம் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததை அவள் ஒரு வகுப்பில் சொல்லிவிட்டாள்.

கரைவழிக்கு முதலில். தென்னாப்பிரிக்கா விஷயத்தில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். அங்கே எதற்காகத் தடை என்பது ஊருக்கே தெரியும், எப்போது எடுக்கலாம் என்று சொல்ல உரிமை உள்ள ஒருவர் இருந்தார். ஈராக்கில் அது இரண்டுமே கலங்கிப்போனது. 1990 ஆகஸ்டில் போட்டது குவைத்தை விட்டு வெளியேறச் சொல்லி. படை வெளியேறிய பிறகு ஆயுதங்களை ஒழிக்கச் சொல்லித் தொடர்ந்தது. சதாம் இருக்கும்வரை எடுக்கப்போவதில்லை என்ற பேச்சும் வந்துவிட்டது. என்ன செய்தாலும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்த ஆட்சியாளன் எதற்கு இறங்கிவருவான்? தண்ணீர் சுத்திகரிக்கும் குளோரினைக்கூட, ஆயுதத்துக்கும் ஆகும் என்று சந்தேகப்பட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அங்கே ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இல் பதவி விலகினார், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபொன் ஸ்பொனெக்கும் 2000இல் விலகினார். அந்தக் கள்ளப் பணம் உண்மைதான், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் அது மக்களிடமிருந்து நின்றுபோன பணம் இல்லை, ஆட்சியாளர் கைக்குத் தப்பாமல் போய்ச்சேர்ந்த பணம். அவருக்கு வழி கிடைத்தது. பம்புக்குக் கிடைக்கவில்லை.

பயந்த ஆளால் கெட்ட பணமும் நிற்கும் என்றீர்கள். நிற்கும்தான், ஆனால் கொஞ்ச நாளைக்கு. வங்கி வழி அடைபட்டால் தொண்டு நிறுவனங்களும் ரொக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கும், இல்லையென்றால் உண்டியல் (ஹவாலா) வழிக்குப் போகும். அங்கே எங்கள் மென்பொருள் இல்லை, ஹிட் இல்லை, எந்தப் பதிவும் இல்லை. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்கு ஐ.நா.வே டாலர் நோட்டுக் கட்டுகளை விமானத்தில் கொண்டுபோக வேண்டி வந்தது. நல்ல பணமும் கெட்ட பணமும் ஒன்றாக இருட்டுக்குப் போனால் யாரைக் கண்டுபிடிப்பது?

டீச்சர், அடுத்த வகுப்புக்கு இரண்டு சேர்த்துப் பாருங்கள். முதலில், மதிப்பெண்ணை மாற்றுங்கள். விட்டிருக்க வேண்டியதை நிறுத்தினால் மூன்று போகும் என்று வையுங்கள். இரண்டாவது, இன்னொரு மாணவனை வெளியுறவு அமைச்சகமாக உட்காரவைத்து, அவனிடம் அவள் ஐந்து சீட்டைக் காட்டிக் கேட்கலாம் என்று சொல்லுங்கள். அவன் "விடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தச் சீட்டுக்கு அவள் பொறுப்பில்லை. அவனுக்கும் கஷ்டம் இருக்க வேண்டும், ஆகவே தவறாகக் கையெழுத்துப் போட்டால் அவனுக்கும் பத்து போகட்டும். என் காலத்தில் அப்படிக் கையெழுத்துக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதிலில் முக்கால்வாசி, "உங்கள் சட்ட ஆலோசகரைக் கலந்துகொள்ளவும்" என்றுதான் இருக்கும். உங்கள் பையன் என்ன எழுதுகிறான் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

மாலைநடை:

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். இன்னும் ஒரு சீட்டு சேர்த்திருக்கிறேன்: ஒரு மருத்துவமனை, தண்ணீர்ப் பம்பு, உதிரிப் பாகம். எத்தனை விட்டாள் என்று அன்று மாலையே இங்கே எழுதுகிறேன்.